நூலுக்கு நாங்க தச்ச எடை

எங்க கடையில அவளுக்குப் பேரு நூலு. அந்தப் பேரை வச்ச புண்ணியவதி நான்தான். அவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி, எனக்கு நாத்தனா. கர்ட்டன் தைக்கிற கடையில ரெண்டு பேரும் வேலை. பன்னெண்டு மிஷின் ஒரே வரிசையில இருக்கும். மூணாவது மிஷின் எனக்கு, நாலாவது அவளுக்கு.

நூலுன்னா சும்மா இல்ல. பக்கவாட்டுல திரும்பி நின்னான்னா, இன்னிக்கு லீவுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மழை பெய்யும்போது ரெண்டு துளிக்கு நடுவுல நடந்து நனையாம வந்து சேருவா. கண்ணாடி முன்னால நின்னா, கண்ணாடியே கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் உருவத்தக் காட்டும். இதெல்லாம் நான் அந்த வரிசையில உக்காந்து சொன்னதுதான். எல்லாரும் சிரிப்பாங்க, மிஷின் நின்னு போகும், முதலாளியம்மா உள்ள இருந்து தொண்டையக் கனைப்பாங்க. நூலும் சிரிப்பா, வாயைப் பொத்திக்கிட்டு. அவ ஏன் வாயைப் பொத்திக்கிட்டே சிரிக்கிறான்னு மூணு வருஷமா நான் கேக்கல. எனக்கு எங்க நேரம், நான்தான் பேசிக்கிட்டே இருக்கேனே.

எனக்கு எண்பத்து நாலு கிலோ. நான் உக்காந்தா ஸ்டூலு முனகும். அதனால நான் பேசலாம்னு ஒரு நெனப்பு. குண்டா இருக்கிறவ ஒல்லியா இருக்கிறவளக் கிண்டல் பண்ணா கணக்கு சரியாப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஒண்ணு சொல்லணும். கர்ட்டன் தைக்கிறதுல அவ எங்கள மாதிரிதான். ஆனா அத மாட்டுறதுக்கு அவள விட்டா ஆளு கிடையாது. ஏணியில ஏறினா அணில் தோத்துப் போகும். மட்டம் பாக்க அவளுக்குக் கருவி வேண்டாம், ஒரு கண்ணை மூடினாப் போதும். கர்ட்டனோட அடி ஓரம் தரையில இருந்து ஒரு விரக்கடை தூக்கி நிக்கணும், அவ மாட்டினா நூறு வருஷம் ஆனாலும் அதே விரக்கடைதான். மாட்டி முடிச்சதும் பாதிய இழுத்து விட்டுட்டு, அந்த ரூமுல வெளிச்சம் எப்படி மாறுதுன்னு நின்னு பாப்பா. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவ வேலைக்கே வரான்னு எனக்குத் தோணும்.

அவளுக்கு உடம்பு தேய்ஞ்சுக்கிட்டே போனது எங்க கண்ணு முன்னாலதான். வெயில் காலத்துல ஃபேன நிறுத்தச் சொல்லுவா, குளுருதும்பா. தலை சீவினா சீப்பு நெறய முடி வரும். விரல்ல ஊசி குத்துனா எங்களுக்கு ரெண்டு நாள்ல ஆறிடும், அவளுக்கு மூணு வாரம் சீழ் வைக்கும். யாராவது பக்கத்துத் தெருவுல தும்முனா இவளுக்குச் சளி பிடிக்கும். மாசாமாசம் வர்றதும் அஞ்சு மாசமா வரலைன்னு என்கிட்ட மட்டும் சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிச்சம்தானடி, துணி செலவு இல்ல"ன்னேன். சிரிச்சேன்.

ஒரு நாள் மடிச்சு வச்ச துணி மேலயே அவ மயங்கிச் சாஞ்சா. முதலாளியம்மா பயந்துட்டு, தெருக்கோடியில இருக்கிற கிளினிக்குக்கு என்னயும் கூட அனுப்பினாங்க. அங்க நர்ஸ் எடை பாத்தாங்க. முப்பத்தாறு கிலோ.

டாக்டர் ஒரு சின்ன நோட்டு போட்டுக் குடுத்தாரு. "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரணும். ஒவ்வொரு தடவையும் அரை கிலோவாவது ஏறியிருக்கணும். ஏறலைன்னா ஏணி வேலை கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். ஏன் ஏறலைன்னு தலையில இருந்து கால் வரைக்கும் பாத்துடலாம்"னாரு. பசி எப்படி, சாப்பாடு எப்படின்னு கேட்டாரு. "நல்லா சாப்பிடுறேன் சார்"ன்னா நூலு.

வெளிய வந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டா. "அண்ணி, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போக மாட்டேன். ஏணியையும் விட மாட்டேன்."

"எதுக்குடி போகணும்? நான் எதுக்கு இருக்கேன். ரெண்டே வாரத்துல உன்ன உருட்டி விடுற மாதிரி ஆக்கிடுறேன்."

ஆக்கினேன். காலையில எண்ணெயில பொரிச்சது, மத்தியானம் எண்ணெயில பொரிச்சது, சாயங்காலம் கலர் சோடாவும் கேக்கும். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுப் பின்னால ரூமுக்குப் போயிடுவா. கடைத்தெருவுல ஒரு டப்பா வித்தாங்க, மேல ஒருத்தன் படம், கை ரெண்டும் பூசணிக்கா மாதிரி. அந்தப் பவுடர ரெண்டு கரண்டின்னு எழுதியிருந்துச்சாம், எனக்குப் படிக்க வராது, நான் அஞ்சு கரண்டி போட்டேன். மூணு நாள் அவளுக்கு வயித்தால போச்சு. இருந்த முப்பத்தாறும் கொறஞ்சிருக்கும்.

கிளினிக் போற நாளைக்கு முந்தின நாள், அவ மிஷின்ல உக்காந்து சத்தமில்லாம அழுதா. அப்ப என் கையில ஹால் கர்ட்டன் ஒண்ணு இருந்துச்சு. பெரிய கர்ட்டன் காத்துல பறக்காம நேரா தொங்கணும்னு அடி ஓரத்துல ஈயக்கட்டி வச்சுத் தைப்போம். பிஸ்கட் அளவுதான் இருக்கும், ஒவ்வொண்ணும் நூறு கிராம். நான் ஒண்ண எடுத்து ஆட்டிக் காட்டுனேன்.

"எதுக்குடி அழுற? உன் பாவாடையில அஞ்சு வச்சுத் தச்சா அரை கிலோ."

ஜோக்குதான் சொன்னேன். அவ அழுகைய நிறுத்திட்டு என்னப் பாத்தா.

"தச்சுக் குடுப்பீங்களா அண்ணி?"

தச்சுக் குடுத்தேன். முதல்ல அடி ஓரத்துல வச்சோம், நடந்தா கணுக்கால்ல இடிச்சு மாடு வர்ற மாதிரி சத்தம். பிரிச்சு, இடுப்புப் பட்டிக்குள்ள துணி வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பை மாதிரி அடிச்சு, ஒண்ணோட ஒண்ணு உரசாம தச்சேன். என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமா எதையும் தச்சதில்ல. நர்ஸ் எடை பாத்து, "பரவாயில்லையே, ஏறுதே"ன்னாங்க. நானும் நூலும் தெருவுல சிரிச்சுக்கிட்டே வந்தோம். அடுத்த தடவை இன்னும் அஞ்சு. அதுக்கடுத்த தடவை, அவ நெசமாவே கொறைஞ்சிருப்பாளோன்னு பயந்து, எட்டு. நோட்டுல ஏறிக்கிட்டே போச்சு. டாக்டர் அவளத் தட்டிக் குடுத்தாரு. ஏணி அவகிட்டயே இருந்துச்சு.

மூணரை மாசம். நோட்டுல முப்பத்தொம்பதரை. இடுப்புல நாப்பத்தஞ்சு கட்டி.

அன்னிக்கும் கிளினிக் நாள். சாயங்காலம் போகணும்னு காலையிலயே அந்தப் பாவாடையக் கட்டிட்டு வந்துட்டா. மத்தியானம் ஒரு புது வீட்டுல ஹால் கர்ட்டன் மாட்டுற வேலை. நான் ஏணியப் பிடிக்கப் போனேன். ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைய ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். என்ன கதைன்னு இப்ப ஞாபகமில்ல. அவ மேல கைய நீட்டி ரிங்கக் கம்பியில கோத்துக்கிட்டு இருந்தவ, "அண்ணி, கண்ணு இருட்டு"ன்னா. அவ்ளோதான். என் மேல விழுந்திருந்தா மெத்தையில விழுந்த மாதிரி இருந்திருக்கும். பக்கத்துல விழுந்தா. நாலரைக் கிலோ ஈயம் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு.

வலது கை மணிக்கட்டு குச்சி மாதிரி ஒடிஞ்சிருச்சு. இடுப்புலயும் வலின்னா. பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதாச்சு. என் வீட்டுக்காரரும் வேலையப் போட்டுட்டு ஓடி வந்தாரு. படுக்கையிலேயே தள்ளிட்டுப் போய் கைக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க. எடுத்தவரு படத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. இன்னொருத்தரயும் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னாரு.

"என்னம்மா இது, இடுப்பச் சுத்தி?"

படத்துல எலும்பெல்லாம் புகை மாதிரி லேசாத் தெரிஞ்சுது. அதச் சுத்தி வெள்ளை வெளேர்னு கட்டம் கட்டமா, வரிசை வரிசையா. தையல் கொஞ்சம் கூடக் கோணல் இல்ல.

"கர்ட்டன் கடையில வேலை சார். மாட்டப் போகும்போது சாமானை இடுப்புலதான் கட்டிட்டுப் போவோம்"னா நூலு. உதடு வெளுத்துப் போயிருந்துச்சு, பொய் மட்டும் நல்லா வந்துச்சு. வீட்டுக்காரரு என்னப் பாத்தாரு. நான் செவுத்தப் பாத்தேன். ஒரு நர்ஸ் அந்தப் பாவாடைய அவுத்து என் கையில சுருட்டிக் குடுத்துட்டு, "என்னம்மா இவ்ளோ கனம்"ன்னு மட்டும் கேட்டாங்க.

எலும்ப நேரா வச்சுக் கம்பி போடணும், அதுக்கு மயக்கம் குடுக்கணும்னாங்க. மயக்க மருந்து குடுக்கிற டாக்டரம்மா வந்தாங்க. நூலால எழுந்து நிக்க முடியல, அதனால எங்க கிளினிக் நோட்ட வாங்கிப் பாத்தாங்க.

"ரெண்டு வாரத்துக்கு முன்னால முப்பத்தொம்பதரை. சரிதானேம்மா?"

"சரிதான் மேடம்"னா நூலு.

டாக்டரம்மா எழுதப் போனாங்க. நூலு தலையத் திருப்பி என்னப் பாத்தா. வேண்டாம்னு கண்ணால சொன்னா. அவ அண்ணன் பக்கத்துல நிக்கிறாரு. சொன்னா, கடையில தெரியும், ஏணி போகும், அவ மூணரை மாசம் எல்லாரையும் ஏமாத்துனது தெரியும். தச்சது யாருன்னும் தெரியும்.

நான் பொறந்ததுல இருந்து பேச்சுக்குத் திணறினதே இல்ல. என் வாய்க்குப் பூட்டுப் போட ஊர்ல எவனாலயும் முடியாதுன்னு எங்கம்மாவே சொல்லும். அன்னிக்கு சொல்லாம இருந்துடலாம்னுதான் மொதல்ல தோணுச்சு. அதையும் சொல்லிடுறேன். சுருட்டி வச்ச பாவாடை என் மடியில கனத்துக்கிட்டே இருந்துச்சு.

"மேடம், எவ்ளோ மருந்துன்னு எடையப் பாத்துத்தான் போடுவீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப அந்த நோட்டப் பாக்காதீங்க." பாவாடைய அவங்க முன்னால விரிச்சேன். "இதுல நாலரைக் கிலோ இருக்கு. அதையும் சேத்துத்தான் அது. நான் தச்சேன்."

அந்த டாக்டரம்மா இடுப்புப் பட்டிய விரலால தடவிக்கிட்டே வந்தாங்க, ஒண்ணு ஒண்ணா. ஒரு சுத்து முடியிற வரைக்கும் தடவுனாங்க. நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன். அவங்க திட்டல. நோட்ட மூடி ஓரமா வச்சுட்டு, படுக்கையோட எடை போடுற மிஷினக் கொண்டு வரச் சொன்னாங்க.

முப்பத்தஞ்சு.

"முப்பத்தஞ்சு கிலோ உடம்புக்கு நாப்பது கிலோவுக்கான மருந்து. இந்த ஒடம்புல ரத்தமும் இல்ல, தெம்பும் இல்ல. என்ன ஆயிருக்கும்னு நெனச்சீங்க?" என்கிட்டதான் கேட்டாங்க, மெதுவா. வீட்டுக்காரரு வெளிய போய் நின்னுக்கிட்டாரு. அவரு கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் டாக்டரம்மா நூலுகிட்ட, "வாயைத் தொறங்கம்மா, மயக்கத்துக்கு முன்னால பாக்கணும்"னாங்க. நூலு தொறக்கல. ரெண்டு தடவை கேட்டாங்க. அழுதுக்கிட்டே தொறந்தா.

கீழ ரெண்டு பக்கமும் கடவாப் பல்லு பாதி இல்ல. மிச்சம் கறுப்பா, ஈறு வீங்கி, சீழ் வேற.

"இந்த வாய வச்சுக்கிட்டு எப்படிம்மா சாப்பிடுறீங்க?"

"டீயில பிஸ்கட் நனைச்சு. சோத்தக் கஞ்சியாக் கரைச்சு."

"எவ்ளோ வருஷமா?"

"மூணு."

"மூணு வருஷமா இவ எங்க கூடச் சாப்பிடலையே மேடம்"னு நான் உளறினேன். "பசிச்சுது, முன்னாடியே சாப்பிட்டுட்டேன்னு சொல்லிட்டுப் பின்னால ரூமுக்குப் போயிடுவா."

நூலு கண்ணத் தொடைக்கக் கைய எடுத்தா, கை வரல. நான் என் முந்தானையால தொடைச்சேன். அப்ப அவ சொன்னா, கோவமே இல்லாம, நேத்து நடந்த விஷயத்தச் சொல்ற மாதிரி.

"நீங்கதான் அண்ணி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னீங்க. நூலு வாயில எலி செத்துக் கெடக்கு, ஜன்னலத் தொறங்கன்னு. எல்லாரும் ஜன்னலத் தொறந்தாங்க."

எனக்கு ஞாபகமே இல்ல. அதுதான் ரொம்ப அசிங்கம். ஒருத்திய மூணு வருஷம் பட்டினி போட்ட ஜோக்கு, சொன்னவளுக்கு ஒரு வாய் டீ நேரம் கூட மனசுல நிக்கல. ஆனா நான்தான் சொல்லியிருப்பேன், அதுல எனக்குச் சந்தேகமே வரல. அது என் ஜோக்கு மாதிரியேதான் இருக்கு.

கைக்கு அன்னிக்கே கம்பி போட்டாங்க, முப்பத்தஞ்சு கிலோவுக்கான மருந்துல. பல்ல ஒரே நாள்ல பிடுங்கல, ரத்தம் கம்மின்னு ரெண்டு மாசத்துல ஒவ்வொண்ணா எடுத்தாங்க. அந்த ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக்குன்னே ஒரு அம்மா இருந்தாங்க. என் எண்ணெய், சோடா, பவுடர் கதையக் கேட்டுட்டு, "நல்லவேளை அவங்க எல்லாத்தையும் முழுங்கல"ன்னாங்க. காஞ்சு போன ஒடம்புல ஒரேயடியாத் திணிச்சா அதுவே ஆபத்தாம், உப்புச்சத்தெல்லாம் தாறுமாறாப் போய் இதயமே தடுமாறுமாம். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல மெதுவா ஆரம்பிக்கணும், அப்புறம் கூட்டணும். பல் ஆறுற வரைக்கும் மசிச்ச பருப்பு, முட்டை, பால், தயிரு, அரைச்ச வேர்க்கடலை, வாழைப்பழம். கை சேர்ந்ததும் தண்ணி பாட்டில ரெண்டு கையிலயும் தூக்கி எறக்கணும், அப்பத்தான் ஏறுற எடை சதையா ஏறுமாம். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினாப் போதும், அவசரமே வேண்டாம்னாங்க. கால் கிலோன்னா ரெண்டரைக் கட்டி. நான் எதையும் இப்ப கட்டியிலதான் கணக்குப் போடுறேன்.

விஷயம் தெரிஞ்சும் முதலாளியம்மா அவள வேலைய விட்டு அனுப்பல. நாப்பத்தொண்ணு வந்து, டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் ஏணின்னாங்க. அது வரைக்கும் புதுசா வந்த ஒரு பொண்ணு மாட்டுறா. கர்ட்டன் ஒரு பக்கம் மூணு விரக்கடை, இன்னொரு பக்கம் தரையக் கூட்டும். நூலு ஒரு கண்ண மட்டும் மூடிப் பாப்பா.

கிளினிக்ல மறுபடியும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நானும் போவேன். எடை போடுறதுக்கு முன்னால நர்ஸ், "கையத் தூக்கும்மா"ன்னுட்டு இடுப்பச் சுத்தித் தடவிப் பாப்பாங்க. அவங்க மேல தப்பு இல்ல. எத்தனை பேரு வரிசையில உக்காந்து பாக்குறாங்க. திருடுனவ மாதிரி இவ கையத் தூக்கிட்டு நிப்பா. நான் செவுத்துல இருக்கிற படத்தப் பாப்பேன், கை கழுவுறது எப்படின்னு ஒரு படம். இப்ப எனக்கு அது மனப்பாடம். ஒரு தடவை, "என்னயும் தடவிப் பாருங்க நர்சம்மா, தச்சவ நான்தான்"னேன். அவங்க சிரிக்கல. நானும் அத ஜோக்காச் சொல்லல.

போன வாரம், கை ஒடிஞ்சு எட்டாவது மாசம். அவ ஏறி நின்னா. முள்ளு ஆடி நின்னுச்சு. நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணேதான், நான் குனிஞ்சு பாத்தேன், எண்ணு எனக்குத் தெரியும். நர்ஸ் பேனாவ எடுத்தாங்க. நான் கை தட்டப் போனேன்.

நூலு எறங்கிட்டா.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்"னு, சேலைக்கு மேல போட்டிருந்த வேலைச் சட்டையோட பையில கைய விட்டா. நூல் வெட்டுற சின்னக் கத்திரி. சுண்ணாம்புக் கட்டி. ஒரு டேப்பு. நாலு கர்ட்டன் ரிங்கு. வேலையில இருந்து நேரா வந்ததால எல்லாம் பையிலயே இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து என் உள்ளங்கையில வச்சா. மறுபடியும் ஏறி நின்னா.

நாப்பது எண்ணூறு.

"இருநூறு கிராம் தானே"ன்னு நான் மெதுவாச் சொன்னேன். சொன்னதும் எனக்கே கேட்டுச்சு, நான் என்ன சொல்றேன்னு.

"நாப்பது எண்ணூறுன்னே எழுதுங்க சிஸ்டர்"னா.

நர்ஸ் எழுதிட்டு நோட்ட நீட்டினாங்க. "அடுத்த தடவை பாக்கலாம்மா"ன்னாங்க, அந்தக் குரல்ல முன்ன இல்லாத ஒரு இது இருந்துச்சு.

பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அவ சாமானெல்லாம் என் கையிலயே இருந்துச்சு, குடுக்கத் தோணல. நான் அவள இப்ப அவ சொந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறேன். அன்னிக்கும் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்கு ஏணி வேண்டாமாடி?"ன்னேன்.

"வேணும். ரெண்டு வாரம் தானே." கைப்பையில இருந்து வாழைப்பழம் எடுத்து உரிச்சா. "நூலுன்னே கூப்பிடுங்க அண்ணி. பேரச் சொன்னா வேற யாரையோன்னு நெனச்சுத் திரும்ப மாட்டேங்கிறேன்."

எனக்கு அந்தப் பேரு வாயில வரல. அவ பழத்தக் கடிச்சு, என் பக்கம் திரும்பி உக்காந்து, வாயப் பொத்தாம மென்னா. நிதானமா, ரெண்டு பக்கமும். பஸ்ஸு முழுக்க ஆளு. எறங்குற எடம் வர்ற வரைக்கும் நான் ஒரு ஜோக்கும் சொல்லல.